உடலைப் பின்னும் கைகள்: சிற்பப் பின்னலாடையில் பால்புதுமையும் பெண்மையும்

வெட்டித் தைக்கும் ஆடையும் ஊசியில் வளரும் ஆடையும் பிறக்கும் விதமே வேறு. தையலில் துணி முதலில் தட்டையாக இருக்கும். அதை வெட்டி, மடித்து, இணைத்து உடலுக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். திருப்பூரில் பின்னலாடை என்று அழைக்கப்படுவதும் பெரும்பாலும் இந்த வகைதான். வட்டப் பின்னல் இயந்திரத்திலிருந்து குழாயாக இறங்கும் துணி கட்டிங் மேசைக்குப் போய், அங்கிருந்து தையல் வரிசைக்குப் போகிறது. கைப்பின்னலில் துணியும் வடிவமும் ஒரே நேரத்தில் உருவாகின்றன. ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுத்து வரிசை வரிசையாக ஏற்றும்போதே தோள் எங்கே அகல வேண்டும், இடை எங்கே குறுக வேண்டும் என்பதைக் கை தீர்மானித்துவிடுகிறது. பால்புதுமையினர், அதாவது ஆண், பெண் என்ற இரு கட்டங்களுக்குள்ளோ எதிர்பால் ஈர்ப்பு என்ற ஒற்றை விதிக்குள்ளோ அடங்காதோர், கடந்த அரை நூற்றாண்டில் ஊசியையும் உல்லன் நூலையும் விரும்பி எடுத்ததற்கு இந்த இயல்பு ஒரு முக்கியக் காரணம். பிறப்பில் கிடைத்த உடலுக்கு அளவெடுத்துத் தைப்பதைவிட, வேண்டிய உடலையே பின்னிவிட முடியும் என்ற வாய்ப்பை அது தருகிறது.

அந்த வாய்ப்பு சில எளிய உத்திகளிலிருந்து வருகிறது. வரிசையில் கண்ணிகளைக் கூட்டினால் துணி அகலும், குறைத்தால் ஒடுங்கும். வரிசை முடியும் முன்பே பாதியில் திரும்பிப் பின்னினால் அந்த இடம் மட்டும் குவிந்து எழும்பும். காலுறையின் குதிகால் அப்படித்தான் உருவாகிறது. அதே உத்தி மார்பையும், கூனையும், கொம்பையும், இதுவரை பெயரில்லாத ஒரு புடைப்பையும் உருவாக்கும். தடித்த நூலை மெல்லிய ஊசியில் இறுக்கிப் பின்னினால் துணி விறைத்துத் தானாகவே நிற்கும். கம்பளியாக இருந்தால், பின்னி முடித்தபின் வெந்நீரில் அலசித் தேய்க்க, இழைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு அட்டைபோல் கெட்டிப்படும்.

ஃபிரில் இங்கே தனியாகச் சொல்லத் தக்கது. பெண்மையின் அடையாளம் என்று பரவலாகக் கருதப்படும் இந்த அலைமடிப்பு, பின்னுவோருக்கு வெறும் கணக்கு. ஒவ்வொரு வரிசையிலும் சில கண்ணிகளுக்கு ஒன்று வீதம் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போனால், துணி தட்டையாக இருக்க இடமின்றி அலையலையாக மடியும். கார்னெல் பல்கலைக்கழகக் கணித அறிஞர் தைனா தைமினா 1997இல் இதே முறையில் குரோஷா (ஒற்றைக் கொக்கியூசிப் பின்னல்) பின்னித்தான் அதிபரவளையத் தளத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும் பொருளாக்கினார். அதுவரை அந்தத் தளத்தைக் காகிதத் துண்டுகளை ஒட்டித்தான் காட்டிவந்தனர். அவை எளிதில் கிழிந்துவிடும். அலங்காரம் என்று ஒதுக்கப்பட்ட மடிப்பு, வடிவியலின் ஓர் அரிய உருவமாக வகுப்பறைக்குள் வந்தது. பெண்மையை இயற்கையான குணமாகப் பார்க்காமல் திருத்தமாகக் கட்டியெழுப்பும் ஒன்றாகப் பார்க்கும் கலைஞர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

பின்னல் என்றாலே பெண்கள் வேலை என்ற எண்ணம் பழமையானதும் அல்ல, உலகெங்கும் உள்ளதும் அல்ல. ஐரோப்பிய நகரங்களில் 16ஆம் நூற்றாண்டு முதல் பின்னல் தொழில் ஆண்களின் தொழிற்குழுக்கள் வசம் இருந்தது. அல்சாஸ் போன்ற பகுதிகளில் தேர்ந்த தொழிலாளியாக ஏற்கப்படுவதற்காகப் பின்னப்பட்ட பெரிய சித்திரக் கம்பளங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. 1589இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் பொறியைக் கண்டுபிடித்தார். பொறிகள் பெருகப் பெருக, பிழைப்புக்கான பின்னல் பட்டறைக்கும் பின்னர் ஆலைக்கும் நகர்ந்தது. மத்தியதர வீடுகளின் வரவேற்பறையில் எஞ்சியது பெண்களின் பொழுதுபோக்கான பின்னல். பெரு நாட்டில், டிட்டிகாக்கா ஏரியிலுள்ள தக்கீலே தீவில் இன்றும் தொப்பி பின்னுவோர் ஆண்களே. பெண்கள் தறியில் நெய்கிறார்கள். ஊசிக்குப் பால் கிடையாது என்பதற்கு இந்த ஒரு தீவே போதும்.

ஆனால் வரவேற்பறைக்குள் நுழைந்த பிறகு ஊசி வேறொரு வேலையைச் செய்தது. ரோசிகா பார்க்கர் 1984இல் வெளியிட்ட ‘தி சப்வெர்சிவ் ஸ்டிச்’ நூல், பூத்தையல் வழியே பெண்குழந்தைகளுக்கு அடக்கமும் பொறுமையும் எப்படிப் பழக்கப்பட்டன என்பதையும், அதே ஊசியால் பெண்கள் அந்தப் பாடத்தை எப்படி மீறினார்கள் என்பதையும் சேர்த்தே காட்டியது. இந்த இரட்டைத் தன்மையைப் புரிந்துகொள்ளாமல் பால்புதுமைப் பின்னலைப் புரிந்துகொள்ள முடியாது. 2021இல் ஜோசப் மெக்பிரின் பார்க்கரின் வாதத்தை ஆண்களின் ஊசி வேலைக்கும் விரித்து ஒரு நூல் எழுதினார். ஊசியைக் கையிலெடுத்த ஆண்கள் ஏளனத்துக்கு உள்ளானதையும், அவர்களில் பலரின் வரலாறு மறக்கப்பட்டதையும் அது மீட்டெடுக்கிறது.

அமெரிக்கப் பெண்ணியக் கலைஞர்கள் 1970களில் இந்த இரட்டைத் தன்மையை அறையளவுக்குப் பெரிதாக்கினார்கள். 1972இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பாழடைந்த வீட்டைக் கலைக்கூடமாக மாற்றிய ‘வுமன்ஹவுஸ்’ திட்டத்தில், ஃபெய்த் வைல்டிங் ஓர் அறை முழுவதையும் குரோஷா வலையால் நிரப்பினார். கருப்பை அறை என்றே அதைப் பலர் அழைத்தார்கள். மூலப்படைப்பு இப்போது இல்லை. 1995இல் அவரே மறுபடி பின்னினார். நியூயார்க்கில் ஹார்மனி ஹேமண்ட் ஆடைத் தொழிற்பகுதியில் எறியப்பட்ட பின்னல் துணித் துண்டுகளைப் பொறுக்கி, சடைபோல் முறுக்கி வட்டமாகச் சுற்றித் தைத்து, அதன்மேல் வண்ணம் பூசினார். 1973இல் உருவான இந்தத் ‘தரைத் துண்டுகள்’ பார்வைக்கு வீட்டு விரிப்புபோல் இருக்கும். ஆனால் அவற்றின்மேல் நடக்க முடியாது. அதே ஆண்டில்தான் ஹேமண்ட் தன்னை லெஸ்பியன் என்று வெளிப்படையாக அறிவித்தார். ஓவியமும் இல்லாமல், சிற்பமும் இல்லாமல், விரிப்பும் இல்லாமல் இடையில் நிற்கும் அந்த வட்டங்கள், வகைப்பாட்டுக்குள் அடங்க மறுக்கும் வாழ்வை ஒரு சொல்லும் எழுதாமல் உணர்த்தின.

ஆண்கள் பக்கம் திறந்த கதவு வேறு. ஓவியராக லண்டனுக்கு வந்த அமெரிக்கர் காஃப் ஃபாசெட், 1960களின் இறுதியில் ஆடை வடிவமைப்பாளர் பில் கிப்புடன் ஸ்காட்லாந்து போனபோது, ஒரு நூற்பாலையில் கண்ட வண்ணங்களில் மயங்கி உல்லன் நூல்களை வாங்கிவிட்டார். திரும்பும் ரயிலில் உடன் வந்த ஒரு பெண்ணிடம் பின்னக் கற்றுக்கொண்டார். கிப்பும் அவரும் சேர்ந்து உருவாக்கிய ஆடை பிரிட்டனில் 1970ஆம் ஆண்டின் சிறந்த ஆடையாகத் தேர்வானது. 1988இல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் தனிக்கண்காட்சி பெற்ற முதல் வாழும் துணிக்கலைஞர் ஃபாசெட்தான். அவரது சாதனை வடிவத்தில் இல்லை. ஸ்வெட்டர்கள் எளிய பெட்டி வடிவங்களே. ஒரே வரிசையில் பல நிறங்கள் மாறி மாறி வரும் துணிச்சலில்தான் அவர் வெளிப்பட்டார். ஆண் உடலுக்கு அடங்கிய நிறங்களே பொருந்தும் என்ற கட்டுப்பாடு அங்கே கரைந்தது.

வடிவத்தைக் கேள்விக்குள்ளாக்கிய பணி டோக்கியோவிலிருந்து வந்தது. காம் தெ கார்ஸோன் என்ற ஆடை நிறுவனத்தின் நிறுவனர் ரெய் கவாகுபோ 1982இல் பாரிஸில் காட்டிய கறுப்பு ஸ்வெட்டரில் ஆங்காங்கே பெரிய துளைகள். பின்னல் இயந்திரத்தின் திருகுகளைத் தளர்த்தி அந்த ஓட்டைகள் வரவழைக்கப்பட்டன. கிழிசல் என்று பத்திரிகைகள் எழுதியதை அவர் லேஸ் என்றார். லேஸும் துளைகளால் ஆனதுதானே! 1997 கோடைக்கான தொகுப்பில் அவர் ஆடைக்குள் மெத்தைகளை வைத்து முதுகிலும் இடுப்பிலும் வயிற்றிலும் புடைப்புகளை உருவாக்கினார். பெண் உடலின் வளைவுகள் எங்கே இருக்க வேண்டும் என்று ஆடைத்துறை காலங்காலமாக விதித்திருந்ததோ, அந்த இடங்களை விட்டு அவை நகர்ந்திருந்தன. கவாகுபோ இதைப் பால்புதுமை அரசியலாக முன்வைக்கவில்லை. ஆயினும் பின்வந்த வடிவமைப்பாளர்களுக்குத் தேவையான அனுமதி இங்கிருந்துதான் கிடைத்தது.

ஸ்வீடனின் சாண்ட்ரா பேக்லுண்ட் அந்த அனுமதியை மெத்தை இல்லாமலே, ஊசியால் மட்டுமே பயன்படுத்தினார். 2004இல் ஸ்டாக்ஹோமின் பெக்மன்ஸ் கல்லூரியில் படிப்பை முடித்துத் தன் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், 2007இல் பிரான்சின் ஹியர் ஆடை வடிவமைப்பு விழாவில் முதன்மைப் பரிசு பெற்றார். அவர் முதலில் படம் வரைவதில்லை. தடித்த கம்பளியில் ஒரு சிறிய துண்டைப் பின்னுகிறார். அதேபோல் பல துண்டுகள். அவற்றைப் பொம்மை உடலின்மேல் குத்திக் குத்திப் பார்த்து, ஒன்றோடொன்று இணைத்து முப்பரிமாண ஒட்டுவேலையாக வளர்க்கிறார். தோளில் தொடங்கும் மடிப்பு எலும்புக்கூடுபோல் முன்னால் நீண்டு, இடையில் முடிச்சாகச் சுருண்டு, இடுப்பில் செதிலாக விரியும். அணிந்தவரின் உடல் எங்கே முடிகிறது, ஆடை எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. கனமும் மென்மையும் ஒரே பொருளில் இருப்பதுதான் இதன் பலம். கவசத்துக்குரிய பருமனும் தாய் பின்னிய ஸ்வெட்டருக்குரிய பரப்பும் சேரும்போது, பெண்மை என்றால் மெலிவு என்ற பழக்கப்பட்ட சமன்பாடு தகர்ந்துவிடுகிறது.

இங்கிலாந்தின் யார்க் நகரைச் சேர்ந்த மேட்டி போவன் இன்னும் கட்டற்ற வழியில் போகிறார். பின்னல், குரோஷா, கையால் சாயமேற்றிய துணி, கிடைத்த பொருட்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். கன்னத்தில் வண்ணம் தீட்டி, தன் ஆடைகளைத் தானே அணிந்து வருகிறார். லண்டனுக்குக் குடிபெயராமல் சொந்த ஊரிலேயே பணியாற்றும் அவருக்கு 2021இல் சர்வதேச வுல்மார்க் பரிசு கிடைத்தது. போவனின் ஆடையில் பெண்மை மிகுதியாக வருகிறது. குறைத்துக் காட்டும் எண்ணமே இல்லை. அந்த மிகுதி கேலிக்காகச் செய்யப்படவும் இல்லை. கேலியாக்காமல் மிகைப்படுத்துவது கடினமான கலை. அதைச் சாதிக்கக் கைவேலையின் பொறுமை துணை நிற்கிறது: மாதக்கணக்கில் உழைத்த ஒன்றை எளிதில் நகையாடிவிட முடியாது.

ஆண்மையைப் பின்னிப் பார்த்தவர்களும் இந்த வரலாற்றில் சேர வேண்டும், ஏனென்றால் ஒன்றைத் தொடாமல் மற்றதைத் தொட முடியாது. அமெரிக்கர் மார்க் நியூபோர்ட் அதிநாயகர்களின் முழு உடல் உடைகளை, கைவிரல் கால்விரல் வரை அக்ரிலிக் நூலில் பின்னுகிறார். குளிரிலிருந்து காக்கச் சிறுவயதில் தாய் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர்களே இவற்றின் ஊற்றுக்கண். கண்காட்சியில் பேட்மேன் உடை ஹேங்கரில் வெறுமையாகத் தொங்குகிறது. முழங்கால் தொய்கிறது, முகமூடி மடிந்து விழுகிறது, கைகள் தரையை நோக்கி நீள்கின்றன. பின்னல் துணிக்குத் தசை கிடையாது. அதைத் தாங்க ஓர் உடல் வேண்டும். நேதன் வின்சென்ட் உடைமாற்றும் அறையையே உண்மையான அளவில் குரோஷாவில் செய்தார்: லாக்கர்கள், பெஞ்சுகள், சிறுநீர்க் கோப்பைகள் உட்பட. ஆண்கள் ஒருவரை ஒருவர் அளந்து பார்க்கும் இறுக்கமான இடம் அப்படியே மெத்தென்று ஆகிவிட்டது. பிரிட்டனின் ஃப்ரெடி ராபின்ஸ் 2002இல் உருவாக்கிய ‘கிராஃப்ட் கில்ஸ்’ இவற்றில் கூர்மையானது. சாம்பல் நிறக் கம்பளியில் முழு மனித உருவம்; அதன் உடலெங்கும் பின்னல் ஊசிகள் பாய்ந்திருக்கின்றன. அம்புகள் பாய்ந்த புனித செபஸ்தியாரை நினைவூட்டும் அமைப்பு இது. செபஸ்தியாரின் உருவம் நெடுங்காலமாகத் தன்பாலீர்ப்பு ஆண்களின் குறியீடாகவும் இருந்துவருவதால், தீங்கற்ற கைத்தொழில் என்ற நம்பிக்கை, துன்புறுத்தப்பட்ட உடல், மறைமுக வேட்கை மூன்றும் அந்த உருவில் ஒன்றாகத் தைக்கப்பட்டுவிடுகின்றன.

பெண்மையைப் பால்புதுமைக்குள்ளிருந்தே பேசியவர்கள் தனிக் கவனத்துக்குரியவர்கள். பெண்களை நேசிக்கும் பெண்களில் சிலர் ஃபெம் என்று தங்களை அழைத்துக்கொள்கிறார்கள். பிறர் விதித்ததால் சுமக்கும் பெண்மை வேறு, தானே தேர்ந்து கட்டிக்கொள்ளும் பெண்மை வேறு என்பது அவர்கள் நிலைப்பாடு. ஜோன் நெஸல் 1992இல் தொகுத்த ‘தி பெர்சிஸ்டென்ட் டிசயர்’ இந்த வாழ்வுகளுக்கு அச்சில் இடம் கொடுத்தது. திருநங்கையரின் அனுபவமும் இதையே வேறு வழியில் சொல்கிறது: பெண்மை கற்று, உழைத்து, ஆபத்தை ஏற்றுக் கட்டப்படுகிறது.

டொரன்டோவின் அலிசன் மிட்செல் பழைய பொருள் கடைகளில் கைவிடப்பட்ட குரோஷாப் போர்வைகளை வாங்குகிறார். யாரோ ஒரு பாட்டி குளிர்காலம் முழுவதும் பின்னி, பிறகு யாருக்கும் வேண்டாமல் போன போர்வைகள் அவை. அவற்றை இணைத்து ‘ஹங்ரி பர்ஸ்’ என்ற குகையைக் கட்டினார். பார்வையாளர்கள் அதற்குள் நுழைந்து போகலாம். பெண் உடலின் உட்புறமும் சந்தையின் தீராப் பசியும் அங்கே ஒரே வடிவம் பெறுகின்றன. டீப் லெஸ் என்று அவர் பெயரிட்ட அணுகுமுறை, 1970களின் லெஸ்பியன் பெண்ணியத்தில் காக்கத் தக்கதைக் காத்து, விலக்கத் தக்கதை விலக்க முயல்கிறது. பழைய போர்வையைப் பிரித்து எறியாமல் புதிய கட்டடத்தில் சேர்ப்பது அந்தக் கொள்கையின் நேரடிச் செயல்வடிவம்.

ஷீலா பெப்பே தாயிடம் குரோஷா கற்றவர். செருப்பு பழுதுபார்த்த தாத்தாவை நினைந்து ஷூலேஸ்களையே நூலாகக் கொண்டு, கூரையிலிருந்து தொங்கும் மாபெரும் வலைகளைப் பின்னுகிறார். ‘காமன் சென்ஸ்’ என்ற தொடரில், தொங்கும் படைப்பின் நூலை இழுத்துப் பிரித்துத் தமக்கு வேண்டியதைப் பின்னிக்கொள்ளுமாறு பார்வையாளர்களை அழைத்தார். கண்காட்சி முடிவதற்குள் சிற்பம் கரைந்து காலுறைகளாகவும் கழுத்துத் துண்டுகளாகவும் ஊருக்குள் போய்விடும். நினைவுச்சின்னம் நிலைத்து நிற்க வேண்டும் என்ற ஆண்மரபுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி இல்லை.

எல்.ஜே. ராபர்ட்ஸ் கைப்பிடி சுழற்றும் சிறு பொறியில் பின்னிய இளஞ்சிவப்பு நூலால் ஒரு கம்பிவேலியைச் செய்தார் (2006–07). உள்ளே வரவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை என்பது அதன் தலைப்பின் பொருள். 1981 முதல் இங்கிலாந்தின் கிரீனம் காமன் அணு ஏவுகணைத் தளத்துக்கு வெளியே முகாமிட்டு, வேலிக் கம்பிகளில் உல்லன் நூலால் வலை பின்னிய பெண்களின் மரபோடு இந்த வேலியைச் சேர்த்துப் பார்க்கலாம். அந்த முகாமில் லெஸ்பியன் பெண்கள் பலர் இருந்தனர். சிகாகோவின் நிக் கேவ் 1992 முதல் உருவாக்கிவரும் ‘சவுண்ட்சூட்’ உடைகளும் இந்த வரிசைக்கு உறவானவை. முதல் உடை மரக்குச்சிகளால் ஆனது. கறுப்பின அமெரிக்கர் ராட்னி கிங்கைக் காவலர்கள் தாக்கிய நிகழ்வின் அதிர்ச்சியில் பிறந்தது. பின்வந்த பலவற்றில் பழைய குரோஷா விரிப்புகளும் ஸ்வெட்டர்களும் சேர்ந்தன. உள்ளே இருப்பவரின் நிறம், பால், வர்க்கம் எதுவும் வெளியே தெரியாது.

இவற்றோடு ஒப்பிட்டால், 2017இல் உலகமே பார்த்த ஒரு பின்னல் பொருளின் பலவீனம் தெளிவாகும். ஜனவரி 21 அன்று அமெரிக்காவில் நடந்த பெண்கள் பேரணியில் பெருந்திரளானோர் அணிந்த இளஞ்சிவப்புத் தொப்பியான ‘புஸிஹேட்’ செய்வதற்கு மிக எளிது. நீள்சதுரமாகப் பின்னி, இரண்டாக மடித்துப் பக்கங்களைத் தைத்தால் போதும். உருண்டைத் தலையில் சதுரத் துணி பொருந்தாததால் மூலைகள் தாமாகவே பூனைக் காதுகளாக எழும். புதிதாகப் பின்னக் கற்றவரும் பங்கேற்க முடிந்தது அதன் பெருமை. ஆனால் பூனையையும் பெண்ணுறுப்பையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பெயரில் தாங்கிய அது, பெண்மையை ஓர் உறுப்போடும் ஒரு நிறத்தோடும் கட்டிப்போட்டது என்று திருநங்கையரும் கறுப்பினப் பெண்களும் சுட்டிக்காட்டினர். அந்த விமர்சனம் நியாயமானது. பின்னலின் ஆற்றல் சின்னத்தை ஏந்துவதைவிட வடிவத்தை மாற்றுவதில்தான் அதிகம். சின்னம் யார் உள்ளே, யார் வெளியே என்று எல்லை வகுக்கும். பேக்லுண்டின் மடிப்புகளோ பெப்பேயின் வலைகளோ அப்படி ஒரு சோதனையை யாருக்கும் வைப்பதில்லை.

அண்மை ஆண்டுகளில் இந்தப் போக்கு வெகுமக்களிடம் வந்து சேர்ந்தது. 2020 பிப்ரவரியில் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் அணிந்த, வண்ணச் சதுரங்கள் இணைத்த ஜே.டபிள்யூ. ஆண்டர்சன் ஆடை நிறுவனத்தின் கார்டிகனை ஊரடங்கில் அடைபட்டிருந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் பின்னினர். நிறுவனம் பின்னல் முறையை இலவசமாக வெளியிட்டது. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அந்தக் கார்டிகனைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற டைவிங் வீரர் டாம் டேலி, தன்பாலீர்ப்பாளர் என்று ஏற்கெனவே வெளிப்படையாக அறிவித்தவர், பார்வையாளர் வரிசையில் அமர்ந்து பின்னிக்கொண்டிருந்தார். பதக்கம் கீறல் படாமலிருக்க, ஒருபுறம் பிரிட்டன் கொடியும் மறுபுறம் ஜப்பான் கொடியும் கொண்ட சிறு பையையும் பின்னியிருந்தார். விளையாட்டு வீரரின் உடலும் ஊசியும் ஒரே படத்தில் இயல்பாக அமர்ந்த அந்தக் காட்சி, ஊசி பிடித்ததற்காகக் கேலி கேட்ட பையன்கள் பலருக்குக் கோட்பாட்டு நூல்கள் தராத துணிவைத் தந்திருக்கும்.

கையால் செய்வது ஏன் என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. வடிவம் மட்டும்தான் நோக்கம் என்றால் இயந்திரம் போதும். ஜப்பானின் ஷிமா செய்கி 1995இல் அறிமுகப்படுத்திய இயந்திரம் தையலே இல்லாமல் முழு ஆடையையும் பின்னித் தள்ளும். ஜெர்மனியின் ரோஸ்மாரி டிராக்கெல் 1980களில் தன் பின்னல் ஓவியங்களை வேண்டுமென்றே இயந்திரத்தில் செய்தார். பெண் கை என்ற உணர்ச்சிப் பூச்சை அகற்றிவிட்டால் கலையுலகம் உல்லனை எப்படி மதிப்பிடும் என்று பார்க்க விரும்பினார். ஆனால் குரோஷாவின் நிலை வேறு. கடையில் மலிவாகத் தொங்கும் குரோஷா ஆடையும் பெரும்பாலும் ஏதோ ஒரு கை பின்னியதுதான். அந்தக் கை பெரும்பாலும் ஓர் ஏழைப் பெண்ணுடையது. பால்புதுமைக் கலைஞரின் கைவேலை அருங்காட்சியக விலை பெறுவதும், பெயரற்ற அந்தப் பெண்ணின் கைவேலை துண்டுக் கூலி பெறுவதும் ஒரே நூலின் இரு முனைகள். இதைப் பற்றி இத்துறை இன்னும் போதிய அளவு பேசவில்லை.

பாதுகாப்பும் தனிச் சிக்கல். பின்னலாடையைத் தொங்கவிட்டால் தன் எடையிலேயே நீண்டு உருக்குலையும். அதனால் மடிப்புகளுக்குள் அமிலமற்ற தாளைச் செருகிப் படுக்கை வாட்டில் வைக்கிறார்கள். காட்சிக்கு எடுக்கும்போது அதற்கு ஓர் உடல் தேவை. அருங்காட்சியகங்களில் கிடைக்கும் பொம்மைகள் ஆண் அளவு, பெண் அளவு என்ற இரண்டு அச்சுகளில் வருபவை. அகன்ற தோளுள்ள ஒருவர் தன் விருப்பப்படி மார்பும் இடையும் பின்னி அணிந்த ஆடை, பெண் பொம்மையில் தொளதொளக்கும். ஆண் பொம்மையில் பொருளிழக்கும். எனவே ஆடையைச் சேகரிக்கும்போதே அணிந்தவரின் அளவுகளையும், அணிந்து நடக்கும் படக்காட்சியையும், கண்ணிக் கணக்கு எழுதிய தாள்களையும் சேர்த்து வாங்கி வைப்பதும், அந்த உடலுக்கேற்ற தாங்கியைத் தனியாகச் செய்வதும் காப்பாளர்களின் கடமையாகிறது.